ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் போய்ப் படுத்துவிடாதீர்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் டிபன் கடை வைத்திருக்கிறேன், வயது 54. விடியற்காலையிலிருந்து அடுப்பு முன்னால் நின்றே வேலை. இரண்டு வருடமாக இடுப்பு வலி. நின்றாலும் பின்பக்கம் வளைந்தாலும் அதிகமாகிறது, கால் மரத்துப்போவதில்லை. ஸ்கேனில் இடுப்பு முதுகெலும்பின் கடைசி இரண்டு இணைப்புகளான எல்4-5, எல்5-எஸ்1 இரண்டிலும் ஃபேசட் மூட்டுத் (எலும்புக் கணுக்களைப் பின்பக்கம் இணைக்கும் சின்ன மூட்டு) தேய்மானம். முதுகில் ஆறு இடத்தில் 'டெஸ்ட் ஊசி' போடவேண்டும், சில மணி நேரம்தான் வலி நிற்கும் என்கிறார் டாக்டர். அதற்கு எதற்கு இந்த ஊசி? சுகரும் இருக்கிறது.

பதில்: இது வலியைத் தீர்க்கும் ஊசி அல்ல, வலி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கும் ஊசி. உங்கள் வயதில் வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் ஃபேசட் தேய்மானம் தெரியும். அதனால் ஸ்கேனை மட்டும் நம்பி அந்த மூட்டுதான் காரணம் என்று சொல்ல முடியாது. மூட்டிலிருந்து வலியை எடுத்துச்செல்லும் சின்ன நரம்பைக் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டு இணைப்பிலும் இடது, வலது என்று மூட்டு நான்குதானே, ஊசி ஏன் ஆறு? ஒவ்வொரு ஃபேசட் மூட்டுக்கும் இரண்டு நரம்புக் கிளைகள் வருகின்றன. எல்4-5க்கு எல்3, எல்4 கிளைகள். எல்5-எஸ்1க்கு எல்4, எல்5 கிளைகள். எல்4 இரண்டுக்கும் பொது. ஆக ஒரு பக்கத்துக்கு மூன்று, இரு பக்கமும் ஆறு. ரிப்போர்ட்டில் 'எல்3' என்று பார்த்துவிட்டு இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்.

குப்புறப் படுக்கவைத்து, சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே ஊசியை எலும்பில் தொடும்வரை கொண்டுபோவார்கள். முதலில் துளி சாய மருந்து. அது ரத்தக்குழாய்க்குள் ஓடினால் ஊசியை நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் மருந்து அடித்துச்செல்லப்பட்டு 'வலி குறையவில்லை' என்று பொய்யான விடை வரும். பிறகு ஒவ்வொரு இடத்திலும் மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகெயின் அல்லது புபிவகெயின், அரை மில்லிக்கு மேல் வேண்டாம். அதிகம் போனால் பக்கத்துத் தசைக்கும் நரம்புக்கும் பரவி, எது மரத்தது என்றே தெரியாமல் போகும்.

டெஸ்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் நோயாளி பக்கத்தில்தான். அன்று காலை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வலி மாத்திரையை நிறுத்துங்கள். வலியோடு போனால்தான் குறைந்ததா என்று சொல்ல முடியும். மயக்க ஊசி வேண்டாம் என்று கேளுங்கள், அரைத்தூக்கத்தில் எல்லா வலியும் குறைந்த மாதிரிதான் இருக்கும். முடிந்ததும் 'ரெஸ்ட் எடு' என்று வீட்டில் எல்லோரும் படுக்கவைப்பார்கள். கேட்காதீர்கள். அடுப்பு முன்னால் நில்லுங்கள், பின்னால் வளையுங்கள், தினமும் எது வலிக்குமோ அதையே செய்யுங்கள். வழக்கத்துக்கு மேல் கனம் மட்டும் தூக்க வேண்டாம். ஊசிக்கு முன் பத்துக்கு எத்தனை வலி என்று குறித்துக்கொண்டு, பிறகு அரை மணிக்கு ஒருமுறை ஆறு மணி நேரம் எழுதுங்கள். குத்திய இடத்து எரிச்சலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; கேள்வி பழைய வலியைப் பற்றியது.

80 சதவீதம் குறைந்தால்தான் 'ஆம்' என்று சில டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், சிலருக்கு 50 போதும். எங்கள் ஓட்டு 80க்குத்தான். ஒரே முறை செய்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தவறாக 'ஆம்' வரும். அதனால் வேறொரு நாள் இரண்டாம் முறையும் போடச் சொன்னால் காசு பிடுங்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு முறையும் 'ஆம்' வந்தால், அந்த நரம்புகளை ரேடியோ அதிர்வலையால் சுமார் 80 டிகிரி சூட்டில் ஒன்று, ஒன்றரை நிமிடம் சுட்டுவிடலாம். நிவாரணம் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். நரம்பு மறுபடி வளர்ந்தால் திரும்பச் செய்யலாம். 'இல்லை' என்று வந்தாலும் நஷ்டமில்லை, தேவையில்லாத சூட்டிலிருந்து தப்பினீர்கள்.

சுகரைப் பொறுத்தவரை, மரத்துப்போகும் மருந்து மட்டும் என்றால் ஏறாது. "ஸ்டீராய்டு கலக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கலந்தால் சில நாள் சுகர் ஏறும், டெஸ்டும் குழம்பும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்னாலேயே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மருந்து பரவி கால் சில மணி நேரம் தளரலாம். கிளம்புமுன் நாலடி நடந்து பாருங்கள், துணைக்கு ஆள் வேண்டும், வண்டி ஓட்டக்கூடாது. பைக் பின்னால் உட்கார்ந்து டி.எச். ரோட்டில் குலுங்கி வந்தால் வலிக்குப் புதுக் காரணம் சேரும். தண்டையார்பேட்டைக்கு மெட்ரோ இருக்கிறதே. காய்ச்சல், குத்திய இடத்தில் சீழ், மறுநாளும் கால் தளர்ச்சி, சிறுநீர் கழிக்க முடியாமை, இதில் ஏதாவது ஒன்று வந்தால் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே எமர்ஜென்சிக்குப் போங்கள்.