சாத்துக்குடித் தோட்ட வேலியில் சீந்தில் கொடி

கேள்வி: வேலிக்கு மறைப்பாகச் சீந்தில் போத்து நட்டேன். ஒரே மழைக்காலத்தில் வேலியை மூடிப் பக்கத்துச் சாத்துக்குடி மரங்களிலும் ஏறிவிட்டது. அடியில் வெட்டியும் மேலே கொடி காயவில்லை. இலைகளைத் தின்னும் கருநிறப் புழுவின் பக்கவாட்டில் கண் போன்ற புள்ளிகள் உள்ளன. மருந்து அடிக்கலாமா? சாத்துக்குடிப் பழங்களும் முற்றும் தறுவாயில் உதிர்கின்றன.

பதில்: தாங்கள் தனித்தனியாகக் கூறியுள்ள புழுவும் பழ உதிர்வும் பெரும்பாலும் ஒரே பூச்சியின் வேலையாக இருக்கலாம். அந்தப் புழு, பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சியின் இளம்பருவம். அது சாத்துக்குடியைத் தொடாது. சீந்தில், கட்டுக்கொடி போன்ற ஒரே குடும்பத்துக் கொடிகளின் இலையைத் தின்று வளர்ந்து, அந்துப்பூச்சியான பிறகு இரவில் வந்து, உறுதியான உறிஞ்சுகுழலால் பழத்தோலைத் துளைத்துச் சாற்றைக் குடிக்கிறது. உதிர்ந்த பழத்தைக் கையிலெடுத்துப் பாருங்கள். ஊசி குத்தியது போன்ற துளையும், அதைச் சுற்றி மெத்தென்று அழுகிய வட்டமும், அழுத்தினால் துளைவழியே கசியும் சாறும் இருந்தால் ஐயமே வேண்டாம்.

ஆகவே கொடிக்கு மருந்து அடிப்பதைவிட, கொடியையே அங்கிருந்து அகற்றுவதுதான் சரி. சீந்திலை அடியில் அறுத்தால் மட்டும் போதாது; மரத்தில் தொங்கும் தண்டு தன் சதைப்பற்றில் உள்ள ஈரத்தைக் கொண்டே உயிர் தரித்து, நூல் போன்ற விழுதுகளைக் கீழே இறக்கி, அவை மண்ணைத் தொட்டதும் மீண்டும் தழைத்துவிடும். மரத்திலிருந்து கொடி முழுவதையும் இறக்கி, அடிவேரைத் தோண்டியெடுத்து, துண்டுகள் எதுவும் ஈரமண்ணில் கிடக்காமல் வெயிலில் நன்கு உலர்த்தி எரித்துவிடுங்கள். வேலியில் தானாக முளைத்த கட்டுக்கொடி இருந்தால் அதையும் விடாதீர்கள்.

இந்த அந்துப்பூச்சி நெடுந்தொலைவு பறக்கக்கூடியது என்பதால், கொடியை எடுத்த பிறகும் வெளியிலிருந்து வரலாம். பழத்தில் மருந்து தெளிப்பதால் பெரிய பயன் இல்லை. அது இரவில் வந்து குடித்துவிட்டுப் போய்விடும். முற்றும் பழங்களுக்குக் காகித உறையோ துணி உறையோ இடுவதே நம்பகமான காப்பு. உதிர்ந்த பழங்களின் அழுகல் வாடை மேலும் பூச்சிகளை ஈர்க்கும் என்பதால், அவற்றை அன்றன்றே பொறுக்கிக் குழியில் புதைப்பது மிகவும் அவசியம்.

வேலி மறைப்புக்கு முல்லையோ சங்குப்பூவோ ஏற்றலாம். இரண்டும் இந்தப் புழுவுக்கு உணவாகா. சீந்தில் அருமையான மூலிகை, அதை வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் சாத்துக்குடி, ஆரஞ்சு, மாதுளை நிற்கும் தோட்டத்தின் வேலி அதற்குரிய இடமல்ல.