செல்போனும் சமூக ஊடகமும் ஒவ்வொரு தலைமுறை இளைஞர்களையும் எப்படி மாற்றியிருக்கின்றன?

கேள்வி கேட்டவர் "அந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படிப் போனே கதி என்று கிடக்கவில்லையே, இந்தத் தலைமுறைக்கு மட்டும் என்ன ஆச்சு" என்றும் கீழே எழுதியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் போன் கடை வைத்திருப்பவள். 1997-இல், நான் பிளஸ் டூ முடித்த வருடம், அப்பா சவுதியிலிருந்து திரும்பி வந்து போட்ட எஸ்.டி.டி. பூத் அது. அப்புறம் ரீசார்ஜ் கடையாக ஆனது, இப்போது டிஸ்ப்ளே மாற்றுவது, டெம்பர் ஒட்டுவது, சார்ஜர் விற்பது என்று ஓடுகிறது. எனக்கு 46 வயது. வீட்டில் 17 வயது மகனும் 74 வயது அம்மாவும் இருக்கிறார்கள், மூன்று பேர் கையிலும் போன் இருக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இத்தனை வருடம் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பழைய பிள்ளைகளுக்கு மன உறுதி அதிகம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களுக்கும் பேசிக்கொண்டே இருக்க ஆசைதான். ஆனால் அவர்கள் கையில் கிடைத்த போன் ஒரு இடத்தில் முடிந்தது, இப்போது கிடைப்பது முடிவதில்லை.

பூத் எப்படி இருக்கும் என்று இருபது வயதுக்காரர்களுக்குத் தெரியாது. ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு குட்டி ஃபேன், தலைக்கு மேலே சிவப்பு எண்ணில் ஓடும் மீட்டர். பகலில் முழுக் கட்டணம், இரவு ஆக ஆகக் குறையும், பதினோரு மணிக்கு மேல் கால்வாசிதான். அதனால் காதலிக்கிற பையன்கள் எல்லாரும் பதினோரு மணிக்குத்தான் வருவார்கள், அப்பா அவர்களுக்காகவே கடையைத் திறந்து வைத்திருப்பார். ஒரு பையன் நினைவில் நிற்கிறான், கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு வாரம் ஒருமுறை பேசுவான். உள்ளே போகும் முன்பே முப்பது ரூபாயை எண்ணி மேசையில் வைத்துவிட்டு "முப்பது ஆனதும் தட்டிடுங்க" என்பான். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்து கண்ணாடியைத் தட்டுவேன். பாதி வாக்கியத்தில் இருப்பான், அப்படியே வைத்துவிட்டு வெளியே வருவான், முகம் எல்லாம் வியர்த்திருக்கும். கையில் நூறு ரூபாய் இருந்திருந்தால் நூறுக்கும் பேசியிருப்பான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளிக்கிழமை என்றால் பெஞ்சு முழுக்கப் பெண்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வளைகுடாவுக்குப் போன ஆள் இல்லாத வீடு குறைவு, அங்கே வெள்ளிதான் லீவு. வீட்டில் போன் கிடையாது, அதனால் எங்கள் கடை நம்பரைத்தான் பி.பி. நம்பர் என்று கொடுத்திருப்பார்கள். கல்யாணமாகி ஒரு மாதம் கூடவே இருந்துவிட்டுக் கணவன் ரெண்டு வருடத்துக்குக் கிளம்பிப் போயிருப்பார், இருபது இருபத்தொரு வயசுப் பெண் என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பாள். மாமியாருக்குக் கண் ஆபரேஷன், பத்திரம் திருப்ப வேண்டும், பிள்ளை அசைகிறது. போன் வந்ததும் அந்தத் தாளில் ஒன்றையும் சொல்லாமல் அழுதுவிட்டு வருவாள். அவர்களுடைய இளமையை அந்த ஐந்து நிமிடத்துக்குள் அடைத்துத்தான் வாழ்ந்தார்கள். அதைப் பொற்காலம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

2003-இல் இன்கமிங் இலவசமானது, பூத் பெஞ்சு காலியாக ஆரம்பித்தது. அடுத்து வந்த பிள்ளைகள் கூப்பன் சுரண்டிய பிள்ளைகள். பத்து ரூபாய் டாப்-அப், கால் கட்டணத்தைக் குறைக்கும் ரேட் கட்டர், மெசேஜ் பேக். வீடு போய்ச் சேர்ந்ததற்கு ஒரு மிஸ்டு கால், வெளியே வா என்பதற்கு ரெண்டு மிஸ்டு கால் என்று ஒரு பைசா செலவில்லாமல் ஒரு பாஷையே வைத்திருந்தார்கள். மெசேஜ் பேக் போட்டவன் ராத்திரி முழுக்கக் கட்டைவிரலைத் தேய்ப்பான், ஆனால் தீபாவளி, கிறிஸ்துமஸ், நியூ இயர் அன்றைக்கு பேக் வேலை செய்யாது, ஒவ்வொரு மெசேஜுக்கும் காசு பிடிக்கும். 2011 செப்டம்பரில் ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 மெசேஜ்தான் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டுப்பாடு போட்டபோது கடைக்கு வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. இன்றைக்கு "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று குறை சொல்லும் அப்பாக்கள் சிலர் அன்றைக்கு என் மேசையைத் தட்டிச் சண்டை போட்டவர்கள்தான்.

அந்தக் காலத்தில் கெடுதல் இல்லை என்பதும் பொய். ரீசார்ஜ் நோட்டில் பெண்களின் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு போய் ராத்திரி கூப்பிட்டுத் தொல்லை கொடுக்கும் ஆட்கள் இருந்தார்கள். அதனாலேயே சுற்றுவட்டாரக் கல்லூரிப் பெண்கள் என் கடைக்கு வருவார்கள், நான் நோட்டு வைக்க மாட்டேன். துண்டுத் தாளில் எழுதச் சொல்லி, ரீசார்ஜ் ஏறியதும் அந்தத் தாளை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். இப்போது அதே தொல்லை இன்ஸ்டாகிராமில் போலி ஐடியில் வருகிறது, போட்டோவை மாற்றி மிரட்டுகிறார்கள். துண்டுத் தாளைக் கிழித்துப் போட்டால் தீரும் விஷயமாக அது இல்லை. போன வருடம் ஒரு பெண் நடுங்கிக்கொண்டு வந்து "அக்கா, போனையே அழிச்சிடுங்க" என்றாள். அழிக்கக் கூடாது மகளே, அதுதான் சாட்சி என்று சொல்லி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிட வைத்தேன். இதைப் படிக்கும் பிள்ளைகள் அந்த நம்பரை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் பிரவுசிங் சென்டர், ஆர்குட், அப்புறம் ஃபேஸ்புக். அங்கேயும் மணிக்கணக்குக்குக் காசு என்பதால் ஒரு மணி நேரம் ஆனால் எழுந்துதான் ஆக வேண்டும்.

2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்தது. சிம் வாங்க ஆதாரோடு வரிசை நின்றது. அதற்கு முன்னால் என் கடையில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்கும் கேள்வி "அக்கா, பேலன்ஸ் எவ்வளவு இருக்குன்னு பாருங்க" என்பது. சில மாதத்தில் அந்தக் கேள்வியே காணாமல் போனது. எனக்கு வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது, ஆனால் ஏதோ ஒன்று போய்விட்டது என்று அப்போதே மனதில் பட்டது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்வேன். கண்ணாடியைத் தட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனது.

காசு முடியவில்லை என்பது பாதிதான், மீதிப் பாதி உள்ளே இருக்கிறது. முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் "அடுத்த பக்கம்" என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்துவதா வேண்டாமா என்று அரை நொடியாவது யோசிப்போம். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முறையை 2006-இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின் என்பவரே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார். 2009-இல் ஃபேஸ்புக்கில் லைக் வந்தது, வீடியோ தானாக அடுத்ததற்குத் தாவுவது வந்தது, எல்லாமே நாம் எழுந்து போகாமல் இருப்பதற்காகப் படித்த பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்தவை. இதை 14 வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, உனக்குக் கட்டுப்பாடு இல்லை என்று திட்டுவது நியாயமே இல்லை. நம்மை அடக்கிக்கொள்ள உதவும் மூளைப் பகுதி இருபது வயது தாண்டித்தான் முழுதாக முதிர்கிறது என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று சட்டமே போட்டு 2025 டிசம்பரில் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, அப்பாடா தீர்ந்தது என்று கடைக்கு வந்த பெற்றோர்கள் சந்தோஷப்பட்டார்கள், அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது.

இதனால் போனே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. காது கேளாத ஒரு தம்பி என் கடைக்கு ரீசார்ஜுக்கு வருவான். வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்துவிட்டு ரெண்டு கையாலும் நண்பனிடம் சைகையில் பேசுவான், சிரிப்பான், சண்டை போடுவான். பூத் காலத்தில் அவன் என் கடை வாசலுக்கு வருவதற்குக் காரணமே இருந்திருக்காது. சவுதியில் இருக்கும் அப்பா பிள்ளையின் முதல் பல்லை வீடியோவில் பார்க்கிறார். என் அப்பா என்னை ரெண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் நான் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டதாக அம்மா சொல்வார்.

என்னோடு கல்லூரியில் படித்தவளின் மகன் வள்ளவிளைக்காரன், ஆழ்கடலுக்குத் தொழிலுக்குப் போகிறவன். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் போய்விடும், திரும்ப வர வாரக்கணக்கில் ஆகும். அவன் ஒருமுறை சொன்னான், "முதல் ரெண்டு நாள் கை தானா பாக்கெட்டுக்குப் போகும் மாமி, மூணாவது நாள்ல இருந்து பக்கத்துல இருக்கிறவன் பேசுறது காதுல விழும்." கேட்டதும் எனக்குப் பிடித்துப்போனது, பல பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நடுக்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராததும் அதே சிக்னல் இல்லாததால்தான். எங்கள் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அந்த நாட்களில் தூத்தூர், சின்னத்துறைப் பக்கத்துப் பையன்கள் தான் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் ஓட விட்டார்கள். ராத்திரி எல்லாம் தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களை யார் குறை சொல்ல முடியும்? ஆகவே சிக்னல் இல்லாத இடம் சொர்க்கம் என்று இனி நான் யாரிடமும் பேச மாட்டேன்.

என் வீட்டுக்கு வருகிறேன். ஒருநாள் ராத்திரி ஒன்றே முக்காலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் மகனின் போர்வைக்குள் வெளிச்சம். திட்டினேன். அவன் ஒன்றும் பேசாமல் என் போனை எடுத்து, அதில் நான் அன்றைக்கு எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று காட்டும் இடத்தைத் திறந்து கையில் கொடுத்தான். ஐந்து மணி பத்து நிமிடம். கடை வேலை போக மீதியே மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அம்மாவும் அப்படித்தான். முன்பு மணியைக் கையில் உருட்டிச் செபமாலை சொல்வார், ஐம்பத்து மூன்று மணி முடிந்தால் முத்தம் கொடுத்து எடுத்து வைத்துவிட்டுப் படுப்பார். இப்போது யூடியூபில் வைத்துச் சொல்கிறார், முடிந்ததும் அதுவே அடுத்த வீடியோவுக்குப் போகிறது, மருந்து, சமையல், யாரோ ஒருவரின் மருமகள் சண்டை என்று பதினொன்று வரை விழித்திருக்கிறார். சிறு வயதில் இலங்கை வானொலி கேட்டதற்கு ஆச்சியிடம் அடி வாங்கியவர் அவர். ராத்திரி நிலையம் மூடினால் பெட்டியும் அடங்கிவிடும் என்று அவரே சொல்வார்.

அதனால் ஒன்பதரைக்கு மூன்று போனும் ஃபிரிட்ஜ் மேலே. "நீங்களும் வைப்பீங்களா?" என்று மகன் கேட்டான், வைக்கிறேன். பரீட்சை சமயத்தில் உடைகிறது, கடை விஷயமாக நானும் உடைக்கிறேன், ஆனாலும் மறுபடி வைக்கிறோம். அவனை மட்டும் வைக்கச் சொல்லியிருந்தால் ரெண்டு நாள் கூட நடந்திருக்காது.

கடைசியாக ஒன்று. 2020 ஊரடங்கில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒரு அண்ணன் மழைக்காலத்தில் வந்தார். மழை என்றால் வெட்டு கிடையாது, கையில் காசும் கிடையாது. ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு ஆன்லைன் கிளாஸ், செகண்ட் ஹேண்ட் போன் போதும், வெட்டு தொடங்கினதும் தவணையில் தருகிறேன் என்றார். சட்டையில் ஒட்டுபால் வாடை. போனை ரெண்டு கையிலும் வாங்கி "தங்கச்சி, இதுல பாடம் வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். தவணையை ஒழுங்காகக் கொடுத்து முடித்தார். 2021 கடைசியில், பள்ளிக்கூடம் திறந்த பிறகு, அதே போனைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். "இதுல பாடம் மட்டும் வர்ற மாதிரி பண்ணித் தர முடியுமா? நான் மூணு மணிக்கு வெட்டுக்கு எழும்பும்போது அவ முழிச்சிருக்கா."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் பேமிலி லிங்க் ஆப் எல்லாம் போட்டுக் கொடுத்தேன், பத்து நாளில் அந்தப் பிள்ளை அதைக் கழற்றிவிட்டாள். அப்புறம் அவரே ஒரு வழி செய்தார். அவர் எட்டரைக்குப் படுப்பவர், இருட்டில் வெட்டுக்குப் போகத் தலையில் மாட்டும் ஹெட்லைட் தலைமாட்டில் சார்ஜில் கிடக்கும். போனும் அங்கேதான் கிடக்க வேண்டும் என்று சொன்னார். திட்டவில்லை, பிடுங்கவில்லை, மூணு மணிக்கு நான் எழும்பணும் மக்களே, ரெண்டையும் சேர்த்துப் போட்டுட்டுப் படு என்று சொன்னாராம். முதலில் அழுதிருக்கிறாள், ஒரு வாரம் பேசவில்லை. இப்போது நர்சிங் படிக்கிறாள். போன மாதம் லீவுக்கு வந்தவள் கடைக்கு வந்தாள், ரெண்டு வயர் மாட்டுகிற மாதிரி ஒரு சார்ஜர் கேட்டாள், ஒன்று போனுக்கு, ஒன்று அப்பாவின் ஹெட்லைட்டுக்கு.