ஒரே ‘க’, நான்கு கிராஃபிட்டி வடிவங்கள்

கேள்வி: நான் பாலக்கோட்டில் வசிக்கும் கல்லூரி மாணவி. எங்கள் மாமா தம் டிபன் கடையின் பக்கச்சுவரில் வரைய அனுமதி அளித்திருக்கிறார். என் பெயரின் முதல் எழுத்தான ‘க’வைப் பல கிராஃபிட்டி பாணிகளில் அடுத்தடுத்து எழுத விரும்புகிறேன். நோட்டில் வரைந்து பார்க்கும்போது, அலங்காரம் கூடக்கூட அது ‘க’வாகவே தெரிவதில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: அலங்காரத்தைத் தொடங்கும் முன், எழுத்தில் எதை மாற்றக்கூடாது என்பதை நீங்கள் முடிவு செய்யவில்லை என்று எண்ணுகிறேன். ‘க’வின் எலும்புக்கூட்டைப் பென்சிலால் மெல்லிய கோடாக வரைந்து பாருங்கள்: மேலே ஒரு கிடைக்கோடு, அதிலிருந்து இறங்கும் தண்டு, தண்டின் அடியிலிருந்து இடப்புறம் சுழித்து மேலேறும் வயிறு, தண்டைக் குறுக்கே கடந்து வலப்புறம் கீழே வளையும் கொக்கி. இவற்றுள் உயிர்நிலை அந்தக் கொக்கியே. அதை வெட்டிவிட்டால் எழுத்து ‘ச’ ஆகிவிடும். அடிக்கோட்டுக்குக் கீழே நீட்டி இடப்புறம் வீசிவிட்டால் ‘த’ ஆகிவிடும். தண்டு சாயலாம், வயிறு பருக்கலாம், மேல்கோடு வில்லாக வளையலாம்; கொக்கியின் நீளம் மட்டும் உங்கள் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

முதலில் டேக், அதாவது கையெழுத்துப் பாணி. நியூயார்க் நகரில் தன் செல்லப்பெயரோடு தெரு எண்ணையும் சேர்த்து ‘டாக்கி 183’ என்று எங்கும் எழுதிய இளைஞரைப் பற்றி 1971-இல் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டதை அடுத்து, இவ்வழக்கம் மேலும் பரவியது. மேல்கோட்டை இழுத்து, கையை எடுக்காமல் நடுவுக்குத் திரும்பி, இறங்கிச் சுழித்துக் கடந்து கொக்கியில் முடிப்பதை ஒரே மூச்சில் செய்யுங்கள். மெதுவாக எழுதினால் கோடு நடுங்கும், சுவரில் பெயிண்டும் வழியும். ஆகவே ஸ்பிரே டப்பாவை எடுக்கும் முன் காகிதத்தில் நூறு முறையாவது எழுதிப் பழகுங்கள்.

அடுத்தது ஊதிய பலூனைப் போன்ற பபிள் எழுத்து. 1970-களின் தொடக்கத்தில் ‘ஃபேஸ் 2’ என்ற புனைபெயரில் எழுதியவரே இதற்கு முன்னோடி என்று பொதுவாகக் கூறப்படுகிறது. உருண்டை வடிவம் நம் மண்ணுக்குப் புதிதன்று. தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ள நடுகற்களில் உள்ள வட்டெழுத்தை, அதாவது வளைந்த கோடுகளாலான பழந்தமிழ் எழுத்தைப் பொறுமையாகப் பார்த்து வந்தால் உங்கள் கை தானாகவே இளகும். ‘க’வில் ஒரு சிக்கல் உண்டு: கோடுகள் பருக்கும்போது மேல்கோட்டுக்கும் குறுக்குக்கோட்டுக்கும் இடையிலுள்ள வெளி அடைந்துபோகும். எனவே எலும்புக்கூட்டை வழக்கத்தைவிட உயரமாக வரைந்துகொண்டு ஊதுங்கள். வயிற்றின் உள்துளையை ஒரு சிறு கீறலாகவேனும் விட்டுவையுங்கள். தண்டும் குறுக்குக்கோடும் சந்திக்கும் இடத்தில் எது மேலே செல்கிறது என்பதை ஒரே கோட்டால் காட்டுங்கள்.

மூன்றாவது, கனமான கட்டையைப் போலத் தடிமன் தெரியும் கட்டை எழுத்து. இதற்கு வெளியே ஆசிரியரைத் தேட வேண்டியதில்லை. சுவர் விளம்பரம் எழுதும் நம் ஓவியர்கள் கொட்டை எழுத்துக்கு நிழல் கொடுக்கும் முறையைக் கவனித்தால் போதும். நிழல் வலப்புறம் கீழ்நோக்கி விழுவதாக முடிவு செய்தால், எல்லா மூலைகளிலிருந்தும் ஒரே சாய்வில், ஒரே நீளத்தில் கோடுகளை இழுத்து இணைக்க வேண்டும். பலரும் மறப்பது உள்துளையை. அதன் மேல் விளிம்பிலும் இட விளிம்பிலும் தடிமன் தெரிய வேண்டும்.

நான்காவது வைல்ட்ஸ்டைல், அதாவது அம்புகளும் பின்னல்களுமாக எழுத்தைச் சிக்கலாக்கும் பாணி. இதுதான் உங்களைத் தடுமாற வைத்திருக்கிறது என்று ஊகிக்கிறேன். அம்பு, முறிவு, பின்னல் ஆகியவற்றை விரும்பிய இடத்தில் ஒட்டவைப்பதால்தான் எழுத்து தொலைகிறது. ஒவ்வொரு அம்பும் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோட்டின் ஓட்டத்திலிருந்து பிறக்க வேண்டும். மேல்கோட்டின் இரு முனைகளும் தண்டின் அடியும் அம்புகளை நன்கு தாங்கும். கொக்கியின் முனையில் அம்பு வைக்கத் தோன்றினால் அதை உள்நோக்கி, வயிற்றின் பக்கம் திருப்புங்கள். கீழ்நோக்கி விட்டால் பார்ப்பவர் ‘த’ என்றே வாசிப்பார். வரைந்து முடித்ததும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். இந்தப் பாணியில் வாசிக்க முடியாமை ஒரு குறையாகக் கருதப்படுவதில்லை என்றாலும், கடைச்சுவரில் எழுதும் உங்களுக்கு நான் வாசிக்கத்தக்க வடிவத்தையே பரிந்துரைப்பேன்.

சுவரைப் பற்றியும் கூற வேண்டும். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்புத் தூள் ஒட்டினால் அதைச் சுரண்டி, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பின்பே தொடங்குங்கள். இல்லையேல் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிரும். முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள், ஸ்பிரே டப்பாவை வெயிலில் வைக்காதீர்கள். மாமாவின் அனுமதி அந்தச் சுவருக்கு மட்டுமே பொருந்தும். பொது இடங்களில் எழுதுவதைத் தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஊர்ப்புறப் பாறைகளிலும் பழகிப் பார்க்க வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடியைப் போல இப்பகுதிப் பாறைகளில் தொல்பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் படிந்த ஸ்பிரே பெயிண்டைச் சேதமின்றி அகற்றுவது மிகக் கடினம்.