காட்டுத்தீ எங்கே மூளும் என்று கணிக்கலாமா?

கேள்வி: மனிதர்களால் ஏற்படும் காட்டுத்தீ எந்த இடத்தில் மூளும் என்று முன்கூட்டியே சொல்ல இயலுமா?
– வாசகர், தேனி

பதில்: இன்ன நாளில் இன்னாரால் தீ மூளும் என்று எவராலும் சொல்ல இயலாது, ஆனால், எந்தப் பகுதியில் அதற்கான வாய்ப்பு மிகுதி என்பதைக் கணிக்கலாம். மனிதரால் மூளும் தீ, சாலை, ஒற்றையடிப் பாதை, மேய்ச்சல் நிலம், காட்டை ஒட்டிய வயல் என ஆள் நடமாட்டம் உள்ள இடங்களையே பெரும்பாலும் சார்ந்திருக்கிறது. செயற்கைக்கோள்களில் இருந்து தரையின் வெப்பத்தைக் கண்டறியும் மோடிஸ் கருவி 2000 முதலும், 375 மீட்டர் அளவுக்கு நுணுக்கமாகக் காட்டும் வியர்ஸ் கருவி 2012 முதலும் பதிவு செய்துள்ள தீப்புள்ளிகளை, சாலையிலிருந்து உள்ள தொலைவு, காட்டின் வகை, மலைச்சரிவு, வறட்சி ஆகியவற்றோடு பொருத்திப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, அபாய வரைபடம் தயாரிக்கிறார்கள்.

ஊரை நெருங்க நெருங்க அபாயம் கூடிக்கொண்டே போகும் என்று எண்ணிவிடக் கூடாது. வீடுகள் அடர்ந்த இடத்தில் தொடர்ச்சியாகப் பற்றி எரியச் சருகும் புல்லும் இரா. ஆகவே, ஆளும் சருகும் ஒருசேர அமைந்த காட்டு விளிம்புகளே கூடுதல் அபாயத்தில் உள்ளன.

இம்முறையின் பெருங்குறை, செயற்கைக்கோள் வெப்பத்தைக் காணுமே தவிர அதன் காரணத்தைக் காணாது என்பதாகும். எனவே, வரைபடத்தில் சிவந்து தெரியும் பகுதியில் வாழும் பழங்குடியினரையும் ஆடுமாடு மேய்ப்போரையும் குற்றவாளிகளாகக் கருதுவது அநீதி. கோடை தொடங்குமுன் தீத்தடுப்புக் கோடுகளை (தீ பரவாதிருக்கச் சருகும் புல்லும் அகற்றிய நிலப்பட்டைகளை) எங்கே அமைப்பது, காவலர்களை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யவே அந்த வரைபடம் பயன்பட வேண்டும். 2018 மார்ச்சில் உங்கள் மாவட்டத்துக் குரங்கணியில் மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீக்கு இரையானார்கள். வறண்ட மாதங்களில் எந்தப் பாதைகளை மூடுவது என்பதையும் இத்தகைய வரைபடத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.