சிப்பர் மரக்கிளைகளைச் சீவாமல் நாராகக் கிழிப்பது ஏன்?

எஞ்சின் வழக்கம்போல ஓடியும், சிப்பர் (மரக்கிளைகளைச் சில்லுகளாக வெட்டும் இயந்திரம்) கிளைகளை உள்ளிழுக்காமல், சில்லுகளுக்குப் பதிலாக நாரும் தூளுமாகத் தள்ளுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்விரண்டும் சேர்ந்து தோன்றினால் முதலில் ஐயுற வேண்டியது கத்திகளைத்தான். ஏனெனில் சுழலும் தட்டில் பொருத்திய கூரான கத்தி, வெட்டும்போதே மரத்தை உள்நோக்கி இழுத்துக்கொள்கிறது, மழுங்கிய கத்தியோ அதை மோதித் திருப்பித் தள்ளுகிறது.

மூடியைத் திறக்கும் முன் எஞ்சினை நிறுத்தி, பெட்ரோல் எஞ்சினானால் ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட்டு, தட்டு முற்றிலும் நிற்கும்வரை காத்திருங்கள். அந்தக் கனத்த தட்டு எஞ்சின் அடங்கிய பின்னும் சுழன்றுகொண்டிருக்கும். சாணை பிடிக்கையில் பழைய கோணத்தை மாற்றாமல் எல்லாக் கத்திகளையும் ஒரே அளவு தேய்க்க வேண்டும். இல்லையெனில் எடை வேறுபட்டு அதிர்வு எழும். விளிம்பு நீலம் பாயும் அளவுக்குச் சூடானால் எஃகின் கடினம் போய்விடும்.

பலரும் மறப்பது, சுழலும் கத்திகளுக்கு எதிரே அசையாமல் நிற்கும் எதிர்க்கத்தியை. சாணை பிடித்த கத்தி குறுகுவதால் இரண்டுக்கும் இடையிலான இடைவெளி கூடிவிடுகிறது. அதைக் கையேடு குறிக்கும் அளவுக்கு மீண்டும் அமைக்காவிட்டால், மெல்லிய கிளைகள் அந்த இடுக்கில் மடங்கி நாராகவே வெளிவரும். பல மாதிரிகளில் எதிர்க்கத்தியின் தேய்ந்த விளிம்பைத் திருப்பிப் பொருத்தலாம்.

எஞ்சினிலிருந்து தட்டைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருந்தால் எஞ்சின் சத்தம் குறையாமலே தட்டு வேகம் இழக்கும். ரப்பர் கருகும் வாடை அதைக் காட்டிக்கொடுக்கும். ஈர இலைகளால் வெளியேற்றும் குழாய் அடைபடுவதைத் தவிர்க்க, இடையிடையே காய்ந்த கிளைகளைச் செலுத்துங்கள்.