அட்டையிலும் கழித்தார்கள், கையிலும் வாங்கினார்கள்

கேள்வி (குடியாத்தம் வாசகர்): அம்மாவுக்கு வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாய் அடைப்பைத் திறந்துவைக்கும் சிறு குழாய்) வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கொடுத்தும் 1,40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 92,000-க்குத்தான் ரசீது தந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அட்டையில் தொகை கழிந்ததாக எஸ்எம்எஸ் வருகிறது. கேட்கப் போனால் டாக்டர் அவமானப்படுத்தினார். அம்மாவுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. கலெக்டர், முதல்வர் தனிப்பிரிவு, மருத்துவத் துறை இணை இயக்குநர் என்று நான்கு மனு போட்டாயிற்று. டிஸ்சார்ஜ் ஆகி 20 மாதம். இப்போது 50,000 தருகிறோம், எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். ஊர்க்காரர்களோடு போய்க் கேட்கலாமா? மருத்துவமனைக்குச் சீல் வைக்க வழி உண்டா?

பதில்: டாக்டர் பேசியதை விடுங்கள். நீங்கள் போட வேண்டியது பணத்தைத் திரும்பக் கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் ஒரு வழக்கு. மூச்சு வாங்குவதையும் அதில் இழுக்காதீர்கள். சிகிச்சையில் தவறு என்று ஒரு வரி எழுதினாலும் நிபுணர் கருத்து, குறுக்கு விசாரணை என்று ஆண்டுக்கணக்கில் போகும். பண விஷயத்துக்கு காகிதம் போதும்.

சட்டத்துக்குத் தேவையானது ஒன்றுதான்: அதே சிகிச்சைக்கு மருத்துவமனை காப்பீட்டுத் திட்டத்திடமும் பணம் வாங்கியதா? எஸ்எம்எஸ் மட்டும் போதாது. திட்டத்தை நடத்தும் தமிழ்நாடு சுகாதாரத் திட்ட அலுவலகத்துக்கு அம்மா பெயரிலேயே தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். திட்டம் முன் அனுமதி தந்த தேதி, எந்தச் சிகிச்சைக்கு, மருத்துவமனைக்குப் போன தொகை, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். உங்கள் பெயரில் போட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று திருப்பிவிடுவார்கள்.

கூடவே மருத்துவமனையிடம் கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவு) நகல் கேட்டு எழுத்தில் கொடுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. அதில் ஸ்டென்ட் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். 'உயர்ரக ஸ்டென்ட் கேட்டார்கள், அதற்கு வாங்கிய பணம்' என்பதுதான் எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய முதல் பதில். 2017 பிப்ரவரியிலிருந்து ஸ்டென்டுக்கு விலை உச்சவரம்பு உண்டு. பில்லில் பிராண்டும் பேட்ச் எண்ணும் தனியாகக் காட்ட வேண்டும். 'இதர செலவு' என்று மொத்தமாகப் போட்டிருந்தால் அந்தப் பதில் நிற்காது.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். உங்கள் நான்கு மனுவும் அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. வக்கீல் நோட்டீசும் நிறுத்தாது. சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் குறைதீர் நாள் வரிசையில் நின்று, 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்ற பதில்களை ஃபைலில் கோத்து வைத்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டில் வழக்குப் போட வருகிறவர்கள் நிறைய. தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மனுப் போட்டுக் காத்திருந்தேன் என்பதைப் போதிய காரணமாக ஏற்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் தேதியிலிருந்தும் எண்ணாதீர்கள், முதல் ரசீதின் தேதியிலிருந்து எண்ணுங்கள். 4 மாதம் இருப்பதாக நினைக்கிறீர்கள். சில நாள் குறையும். தகவல் உரிமைப் பதில் வராவிட்டாலும் தாக்கல் செய்துவிடுங்கள், பிறகு சேர்க்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் வழக்குக் கட்டணம் கிடையாது. 'திட்டத்தில் இலவசம், ஆகவே இவர் நுகர்வோரே இல்லை' என்று வாதம் வரும். காப்பீடு பணம் கொடுத்தாலும் நோயாளி நுகர்வோர்தான் என்று 1995-லேயே சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சீல் வைப்பதை மறந்துவிடுங்கள். 1997-ல் வந்து 2018-ல் திருத்தப்பட்ட தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இணை இயக்குநர் வழியாகப் பதிவைத்தான் கட்டுப்படுத்தும். உங்கள் பணத்தை வாங்கித் தராது. ஆட்களோடு போகவே போகாதீர்கள். 2008-ன் மருத்துவமனைப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜாமீனில் விட முடியாத வழக்கு வரும். ஒரு கண்ணாடி உடைந்தால் போதும், அதற்குப் பிறகு அந்த எஃப்.ஐ.ஆரை வைத்துத்தான் சமரசமே பேசுவார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று அவசரத்தில் போட்ட கையெழுத்துகளில், 'எங்களிடம் பணம் எதுவும் வாங்கவில்லை' என்ற தாள் இருந்ததா என்று அம்மாவைக் கேளுங்கள். இருந்தாலும் அதற்கு முந்தைய தேதியிட்ட ரசீது அதை வெட்டும். ரசீதில்லாத 48,000-ஐ வெட்டாது. ஏடிஎம்மில் எடுத்ததற்கான வங்கிப் பதிவு இருந்தாலும், எடுத்ததைத்தான் காட்டும், கொடுத்ததைக் காட்டாது.

ஆகவே 50,000-க்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். 92,000 தந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். 48,000-க்காக அலைந்தால் பஸ் செலவும் வேலை கெட்ட நாளும் அதைத் தின்றுவிடும். 'கருணை அடிப்படையில் தருகிறோம்' என்று எழுதினால் கவலையில்லை. 'பணமே வாங்கவில்லை' என்று எழுதிய தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் அம்மாவின் கணக்கில் ஏறட்டும், கையெழுத்து அதற்குப் பிறகு. அடுத்த 3 வாரத்தில் ஏறாவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டு வழக்கைத் தாக்கல் செய்யுங்கள்.