டைல்ஸ் சந்துக்கு என்ன கலர்?

போன முறை தரை டைல்ஸ் பற்றி ஒரு பதில் எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதி டைல்ஸைப் பற்றி இல்லை. இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இருக்கிற சந்தைப் பற்றி, அதில் அடைக்கிற கிரவுட் கலவையைப் பற்றி. சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: சமையலறை, நடை, ஹால் மூன்றுக்கும் ஒரே ஐவரி மேட் டைல்ஸ். கிரவுட் வெள்ளை போடலாம் என்கிறார் வீட்டுக்காரர். டைல்ஸ் நிறத்திலேயே போடச் சொல்கிறார் இன்ஜினியர். மேஸ்திரி, "கிரே போட்டுடலாம்மா" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகி, மதுரை

பதில்: மேஸ்திரி சொல்வதை. என் சமையலறைக்கு நான் வெள்ளைதான் போட்டேன். "பளிச்சுன்னு இருக்கும்" என்றார் கடைக்காரர். இருந்தது, பால் காய்ச்சிய அன்றைக்கு. அடுத்த வாரம் சாம்பார் சிந்தியது. சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் மஞ்சள் கறை சிவப்பாக மாறுகிறது! மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி ஆகிறதே, அதே சங்கதிதான். சோப்புக்கும் காரத்தன்மை, புது சிமென்ட்டுக்கும் காரத்தன்மை. ஐவரிக்கு இரண்டு படி அழுத்தமான பீஜ், இல்லையென்றால் வெளிர் சாம்பல் போடுங்கள்.

நடைக்கு இன்னும் கவனம் வேண்டும். வீட்டில் எல்லோருடைய காலும் அங்கே அதே நாலு வரிசையில்தான் விழுகிறது. சுவரோரம் கிரவுட் ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம் என்று ஆகிவிடும். உங்கள் தெருப் புழுதி என்ன நிறமோ, அதற்குப் பக்கமான நிறத்தை எடுங்கள். ஒரே டைல்ஸ் தொடர்ச்சியாக ஓடுகிறது என்றால் கிரவுட் நிறத்தை நடுவில் மாற்றாதீர்கள். வாசலில் கிரானைட் பட்டை குறுக்கே இருந்தால் அந்த இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: வெள்ளை டைல்ஸுக்குக் கறுப்பு கிரவுட் போட்ட படங்கள் பார்த்தேன். அருமையாக இருக்கிறது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். – வாசகர், ஆவடி

பதில்: உப்புத் தண்ணீரில் மாப் போட்டுப் பழகியதும் விபூதி பூசினாற்போல் இருக்கும்.

கேள்வி: ஒயிட் சிமென்ட்டில் கலர் பொடி கலந்து அடைத்தால் செலவு மிச்சம் என்கிறார்கள். – வாசகர், தேனி

பதில்: வேண்டாம். ஒரு சட்டி கலவை மாதிரி அடுத்த சட்டி வராது.

கேள்வி: கடை அட்டையில் பார்த்த சாம்பல் வேறு, தரையில் காய்ந்த பிறகு வந்தது வேறு. அதுவும் திட்டுத் திட்டாக. வீடு முழுக்க ஒரே நாளில் அடித்து முடித்துவிட்டோம். கம்பெனியிடம் பணம் கேட்கலாமா? – வாசகர், சேலம்

பதில்: கேட்கலாம். அதற்கு முன்னால் நான் உங்களைக் கேட்கிறேன். தண்ணீரை யாராவது அளந்து ஊற்றினார்களா? பாக்கெட்டில் அளவு போட்டிருக்கும். கண்மதிப்பில் ஊற்றினால் ஒரு சட்டி வெளுக்கும், ஒரு சட்டி கறுக்கும், கூடுதலாக ஊற்றிய இடம் பொடியாக உதிரும். சிமென்ட் கிரவுட் ஈரத்தில் அழுத்தமாகத் தெரிந்து, காய்ந்ததும் வெளுப்பது வழக்கம். ஒரு புடவையைக்கூடக் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறோம். இருபது வருஷம் மிதிக்கப்போகிற தரைக்கு, மீந்த இரண்டு துண்டு டைல்ஸை ஒட்டி, சந்தில் கிரவுட் அடைத்து, இரண்டு நாள் காயவிட்டுப் பார்க்க முடியாதா?

கேள்வி: "ஜாயின்ட்டே தெரியாம ஒட்டித் தர்றோம், கிரவுட் கலரைப் பத்திக் கவலையே வேண்டாம்" என்கிறார் டீலர். நம்பலாமா? – வாசகி, திருப்பூர்

பதில்: இந்த ஒரு பேச்சைக் கேட்டால் எனக்குத் தலைக்கு ஏறும். நம்பி ஏமாந்தவன் நான். என் ஹாலில் டைல்ஸை இடைவெளி இல்லாமல் நெருக்கி ஒட்டினார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது, வந்தவர்கள் எல்லாம் விலை விசாரித்தார்கள். மூன்றாவது கோடையில், ஒரு மே மாத மத்தியானம், பட்டாசு வெடித்தாற்போல் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஹாலின் நடுவில் நாலு டைல்ஸ் கூடாரம் போட்டு நிற்கின்றன.

வெயிலில் தரை விரியும், குளிரில் சுருங்கும். விரிவதற்கு இடம் இல்லாதபோது, பிடிப்புக் குறைந்த இடத்தில் டைல்ஸ் மேலே எழும்புகிறது. அந்த இடத்தைக் கொடுக்கத்தான் சந்து. விட்ரிஃபைடு டைல்ஸ் ஆனாலும் குறைந்தது 2 மில்லிமீட்டர் விடுங்கள். சுவரோரம் ஸ்கர்ட்டிங் மறைக்கிற இடத்தில் இன்னும் தாராளமாக விடலாம். அதற்காக டைல்ஸுக்கு நடுவில் வைக்கிற ஸ்பேசர் பாக்கெட் உங்கள் டைல்ஸ் செலவில் கண்ணில் படாத தொகை. அது இல்லையென்றால் வேலை சீக்கிரம் முடியும் என்பதுதான் அவர்கள் சொல்கிற "அழகு". கடைசியில் அந்த மயிரிழைச் சந்திலும் சிமென்ட் பால் தேய்த்துவிடுவார்கள், அதிலும் அழுக்கு ஏறும், அது கறுப்பாகத்தான் தெரியும். ஆக கலர் தேர்வு செய்யாமல் தப்பிக்கவும் முடியாது, அழுக்கு தேர்வு செய்யும், அவ்வளவுதான்.

கேள்வி: சமையலறைக்கும் நடைக்கும் எபாக்ஸி கிரவுட் என்று சொல்லிப் பணம் வாங்கினார் கான்ட்ராக்டர். மூன்றே மாதத்தில் பெருக்கும்போது பொடி வருகிறது. கேட்டால் "எபாக்ஸி அப்படித்தான்" என்கிறார். பில் தரவில்லை. நான் ஓய்வுபெற்றவன், அலைய முடியாது. – வாசகர், கும்பகோணம்

பதில்: எபாக்ஸி என்பது சிமென்ட்டுக்குப் பதில் ரெசினில் கலக்கிற கிரவுட். அது அப்படி இல்லை, ஐயா. காய்ந்த சந்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக் கறுத்தால் அது சாதா சிமென்ட் கிரவுட். சாவி முனையால் கீறினாலும் எபாக்ஸி மாவாக உதிராது. இரண்டையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில் இல்லாதது உங்கள் தப்பு இல்லை, பில் தராததே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். "எபாக்ஸி" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, பணம் போன வங்கிக் கணக்கு விவரம் இருந்தால் அழிக்காதீர்கள். அவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலும் பேசலாம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷ அவகாசம் உண்டு. ஆன்லைனிலேயே பதியலாம், பேரன் பேத்தி யாரையாவது உட்காரவையுங்கள். பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி அடைக்க முடியும். அந்தச் செலவையும் சேர்த்தே கேளுங்கள்.

மற்றவர்களுக்கு: எபாக்ஸி என்றால் ரெசின், ஹார்ட்னர், பொடி என்று மூன்று தனித்தனிப் பொருளாக வரும். பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். காசு இடிக்கிறது என்றால் சமையலறைக்கு மட்டும் எபாக்ஸி போதும். ஒரே கலர் பெயர் இருந்தாலும் எபாக்ஸியும் சிமென்ட் கிரவுட்டும் ஒரே மாதிரி காயாது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: தரையை ஆசிட் ஊற்றிக் கழுவினோம். கிரவுட் அரித்துக் குழியாகிவிட்டது. வழக்குப் போட வழி உண்டா? – வாசகர், வேலூர்

பதில்: யார் மேல்?

கேள்வி: அழுக்கான கிரவுட்டுக்கு மேல் வெள்ளை அடிக்கிற பேனா ஆன்லைனில் விற்கிறதே, பலன் உண்டா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: மூன்று வாங்கினேன். நடையில் பாதி தூரம் வந்தது, தீபாவளி வரைக்கும் தாங்கியது. மீதிப் பேனா ஒன்று மேசை டிராயரில் கிடக்கிறது, வேண்டுமானால் சொல்லுங்கள்.